குருதியும் நகைப்பும்

அச்சத்தை விலக்கி வாழவே மனிதன் விரும்புகிறான். வீட்டுக்குக் கதவும், கதவுக்குத் தாழும், ஊருக்குக் காவலும் அமைத்துக்கொண்டது அதன் பொருட்டே. அவ்வாறிருக்க, உழைத்து ஈட்டிய பணத்தைக் கொடுத்து இருட்டு மண்டபமொன்றில் அமர்ந்து, பிணங்கள் எழுந்து நடப்பதையும், கைகால்கள் அறுபட்டு வீழ்வதையும், குருதி பீறிட்டுப் பாய்வதையும் விரும்பிப் பார்க்கும் ஒருவனை என்னென்று சொல்வது? அவன் நடுங்குவதோடு நின்றாலாவது ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். தலையொன்று தறிபட்டு உருளும் வேளையிலே அவன் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்கிறான். பக்கத்து இருக்கைக்காரனும் சேர்ந்து சிரிக்கிறான். படம் முடிந்ததும் இருவரும் அந்தத் தலை எவ்வாறு செய்யப்பட்டது என்பதைப் பற்றி அளவளாவிக்கொண்டே வீடு செல்கின்றனர்.

மேனாடுகளில் இத்தகைய இரசிகர் கூட்டம் பெரிது. அவர்களுக்கெனச் சஞ்சிகைகள் உண்டு. ஆண்டுதோறும் கூடும் விழாக்கள் உண்டு. இவர்களை நெஞ்சில் ஈரமற்றவர்கள் என ஒதுக்கிவிடுதல் எளிது. பலர் அவ்வாறே ஒதுக்கினர். ஒரு நாட்டின் பாராளுமன்றம் இவர்கள் பார்க்கும் படங்களை முன்னிட்டுச் சட்டமே இயற்றியது. அச்சட்டத்தைப் பற்றிச் சொல்லுமுன், இந்தச் சுவை எங்கே தோன்றி எவ்வழியாக வந்தது என்பதைப் பார்த்தல் தகும்.

பாரிசு மாநகரில் பிகால் என்னும் பகுதியிலே, பழைய தேவாலயமொன்று 1897 ஆம் ஆண்டில் நாடக அரங்காக மாற்றப்பட்டது. அதனைத் தொடங்கியவர் ஒஸ்கார் மெத்தெனியே என்பவர். அரங்கின் பெயர் கிராண் கிஞோல். கிஞோல் என்பது பிரான்சியச் சிறுவர் யாவரும் அறிந்த கைப்பாவையின் பெயர். ஆகவே பெரியவர்களுக்கான பாவைக்கூத்து என்பது அரங்கின் பெயரிலே தொனிக்கும் பொருள். இருக்கைகள் 293 மட்டுமே. தேவாலயத்தில் இருந்த மரத்தாலான வானதூதர் சிலைகள் இரண்டும் அகற்றப்படாமல், கீழே நடப்பவற்றை நோக்கியவாறே இருந்தன. அங்கே நடந்தவையோ கண் பிடுங்குதல், கழுத்தறுத்தல், முகத்தில் திராவகம் வீசுதல் போன்றவை. அரங்கிற்கு நாடகம் எழுதியோருள் தலையாயவர் அந்திரே த லோர்த். அவர் பகலில் நூலகமொன்றில் பணிபுரிந்த அமைதியான மனிதர். நூற்றுக்கு மேற்பட்ட அச்ச நாடகங்களைப் படைத்தவர். மனநோய் பற்றிய நாடகங்கள் சிலவற்றை, அறிவளவைச் சோதனையை வகுத்துப் புகழ்பெற்ற உளவியலாளர் அல்பிரெட் பினேயுடன் சேர்ந்தே எழுதினார். பவுலா மக்சா என்னும் நடிகை அம்மேடையில் பத்தாயிரம் தடவைக்கு மேல் கொலையுண்டார் எனக் கணக்கிட்டுக் கூறுவர்.

இவ்வரங்கின் புதுமை குருதியில் மட்டும் இருக்கவில்லை. ஓரிரவில் ஒரு நாடகம் என்ற முறை அங்கில்லை. சிறு நாடகங்கள் ஐந்தாறு அடுத்தடுத்து நடக்கும். அச்ச நாடகம் ஒன்று முடிந்தால் அடுத்தது கேலி நாடகம். அதன்பின் மீண்டும் அச்சம். சுடுநீரையும் குளிர்நீரையும் மாறிமாறி உடலில் பாய்ச்சும் நீராட்டு ஒன்றின் பெயரால் இம்முறையைக் குறிப்பிட்டனர். சிரித்துத் தளர்ந்த மனம் அடுத்த அடியைத் தாங்க ஆயத்தமற்று இருக்கும். அஞ்சி இறுகிய மனம் அடுத்த கேலிக்கு அணை உடைந்தாற்போல் சிரிக்கும். பார்வையாளர் எத்தனை பேர் மூர்ச்சித்தனர் என்பதே நாடகத்தின் வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அரங்கில் மருத்துவர் ஒருவரை வைத்திருந்ததும் விளம்பரமாகவே பயன்பட்டது.

அச்சத்தையும் அருவருப்பையும் நகையோடு கலந்து பரிமாறும் இந்த முறையைத் தமிழ் இலக்கியம் பயின்றோர் முற்றிலும் புதிதென்று கொள்ளமாட்டார். 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர் முடிந்த களத்திலே பேய்கள் கூடிக் கூழ் அடுகின்றன. யானைத் தந்தத்தால் பல் துலக்கி, விலா எலும்பால் நா வழித்து, வீரர்களின் பற்களை அரிசியாக்கிச் சமையல் நடக்கிறது. பின்னர் பந்தி. பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என வரிசையாக அமர்ந்து, ஒவ்வொன்றும் தன் தன் வழக்கப்படி கூழ் கேட்டுப் பெறுகிறது. கலியாண வீட்டுப் பந்தியைக் கண்டவர் எவரும் அப்பகுதியைச் சிரிக்காமல் படித்தல் அரிது. ஆயினும் அவை உண்பது மனிதரை. இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருப்பதிலேதான் புலவரின் திறமை உள்ளது.

திரைப்படம் இச்சுவையை மெல்லவே பற்றிக்கொண்டது. ஜேம்ஸ் வேல் 1935 இல் எடுத்த ‘பிராங்கன்ஸ்ரைனின் மணமகள்’ என்னும் படத்தில் கேலி இழையோடுகிறது. 1948 இல் அபொட், கொஸ்ரெலோ என்னும் கோமாளிகள் இருவர் அதே பூதத்தை எதிர்கொண்டனர். ஆனால் அக்காலப் படங்களில் குருதி காட்டப்படுவது அரிது. அமெரிக்காவில் ஹெர்ஷெல் கோர்டன் லூவிஸ் 1963 இல் எடுத்த ‘பிளட் பீஸ்ட்’ என்னும் படமே குருதியை வண்ணத்தில் வாரி இறைத்த முதற் படமென்பர். கதை, நடிப்பு என்ற வகையில் அதனைப் பாராட்ட இயலாது. எனினும் அது ஒரு கதவைத் திறந்துவிட்டது. அக்கதவு வழியாக நுழைந்தவர்களே பின்வந்த இளைஞர்கள். அவர்கள் யாவரும் முதலில் இரசிகர்களாக இருந்தவர்கள்.

அவ்விளைஞருள் ஒருவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறினால் இவ்வார்வத்தின் இயல்பு தெளிவாகும். நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனுக்கு வடக்கே புக்கருவா பே என்னும் கடற்கரை ஊரிலே வளர்ந்தவர் பீற்றர் ஜாக்சன். பிறந்தது 1961 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள். மேனாட்டார் பேய்வேடம் புனையும் அதே நாள். சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சியில் 1933 ஆம் ஆண்டின் ‘கிங் கொங்’ படத்தைக் கண்டார். அந்தக் குரங்கை எவ்வாறு அசைத்தனர் என்ற வினா அவரை விட்டகலவில்லை. தமக்குக் கிடைத்த சிறு கமராவைக் கொண்டு தாமே படமெடுக்கலானார். பள்ளியை விட்டபின் வெலிங்டனிலே செய்தித்தாள் ஒன்றின் படச்செதுக்குப் பிரிவில் வேலைக்கமர்ந்தார். அந்தச் சம்பளத்தில் கமரா வாங்கி, 1983 இல் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு குறும்படத்தைத் தொடங்கினார்.

அக்குறும்படம் வளர்ந்துகொண்டே போயிற்று. வேலையற்ற நாட்களில் மட்டும் படப்பிடிப்பு. அவ்வாறு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அந்நிய உலகிலிருந்து வந்தோர் மனிதரை உணவுப் பண்டமாக்கி விற்க முயல்கின்றனர் என்பது கதை. அவர்களுடைய முகமூடிகளை ஜாக்சன் தம் தாயாரின் சமையலறை அடுப்பிலே வேகவைத்தார். துப்பாக்கிகளும் வீட்டிலே செய்த போலிகள். அவரே இரு வேடம் பூண்டார். செங்குத்தான பாறை விளிம்பில் நடைபெறும் சண்டையில், அடிப்பவரும் அடிபடுபவரும் அவரே. அவர் ஏற்ற பாத்திரத்தின் மண்டையோடு பிளந்து மூளை வழிகின்றது. அவன் அதனை உள்ளே திணித்து, இடுப்புவாரால் தலையைக் கட்டிக்கொண்டு போரைத் தொடர்கிறான். இறுதியில் நியூசிலாந்துத் திரைப்பட ஆணைக்குழு பொருளுதவி செய்து படத்தை முடிக்க வைத்தது. 1987 இல் ‘பாட் டேஸ்ட்’, அதாவது ‘கெட்ட சுவை’, என்னும் பெயரோடு அது நிறைவெய்தியது. பிறர் சொல்லக்கூடிய குறையைத் தாமே பெயராகச் சூட்டிக்கொண்ட துணிவு இரசிகர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

இவ்வழியின் கொடுமுடி 1992 இல் வெளிவந்த ‘பிரெயின்டெட்’. கதை நிகழ்வது 1957 ஆம் ஆண்டின் வெலிங்டன் நகரில். தாய்க்கு அடங்கிய மகன் லயனல் ஒரு கடைக்காரப் பெண்ணை விரும்புகிறான். அவர்களை உளவு பார்க்க மிருகக்காட்சிச்சாலைக்கு வந்த தாயை, எலியும் குரங்குமான விசித்திரப் பிராணியொன்று கடித்துவிடுகிறது. தாய் அழுகத் தொடங்குகிறாள். ஆயினும் மதிப்புக்குரிய விருந்தினர் வருவதால் மேசையில் அமர்ந்தே ஆகவேண்டும். அவளுடைய காது கழன்று பாற்கூழில் விழ, அதனை அவளே கரண்டியால் எடுத்து உண்கிறாள். மகனோ குடும்ப மானத்தைக் காக்கவேண்டி முகம் சுளிக்காமல் உபசரிக்கிறான். இறந்தும் இறவாதவர்களை நிலவறையில் அடைத்துவைத்து, மயக்க மருந்து கொடுத்து, மேசையிட்டு உணவும் ஊட்டுகிறான். கடைசியில் வீடு நிறைந்த நடைபிணங்களின் நடுவே, புல்வெட்டும் இயந்திரத்தை மார்போடு அணைத்தபடி அவன் நுழைகிறான். அந்த இறுதிக் காட்சிக்கு 300 லீற்றர் போலிக்குருதி செலவாயிற்று என்பர்.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஓடுவது சுமார் ஐந்து லீற்றர் குருதி. முந்நூறு லீற்றர் என்பது அறுபது பேரின் குருதிக்குச் சமம். அவ்வளவும் ஒரே கூடத்தில் ஓடுகிறது. ஒரு துளி குருதி கண்டால் மனம் துணுக்குறும். ஒரு கோப்பை கண்டால் வயிறு குமட்டும். குடம் குடமாகக் கொட்டும்போது அறிவு விழித்துக்கொண்டு, இது நடவாத காரியம் என்று சொல்லிவிடுகிறது. அவ்வேளையில் இறுகியிருந்த நரம்புகள் தளர்கின்றன; சிரிப்பு வெடிக்கிறது. மிகை என்பதை நாடகக் குற்றமென்று கருதுவோர் உளர். இங்கே மிகையே உறுப்பு. அதனைக் குறைத்தால் படம் கொடுமையாகிவிடும்.

நோவல் கரொல் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1999 இல் எழுதிய கட்டுரையொன்றில் இன்னொரு விளக்கம் தந்தார். அச்சமூட்டும் பூதமும் சிரிப்பூட்டும் கோமாளியும் உறவினர் என்பது அவர் கருத்தின் சாரம். நடைபிணம் உயிருள்ளதுமன்று, உயிரற்றதுமன்று. பூதம் பொருள்களின் இன வரம்பை மீறுகிறது. கோமாளியும் அவ்வாறே: அளவு மீறிய காற்சட்டை, மனித வரம்பை மீறிய மூக்கு, அடிபட்டும் அடிபடாத உடல். இருவருக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. பூதம் தீங்கு செய்யவல்லது; கோமாளி அல்லன். தீங்கின் அச்சத்தை ஒரு கணம் நீக்கினால் பூதம் கோமாளியாகும். மீண்டும் சேர்த்தால் கோமாளி பூதமாகும். நல்ல இயக்குநர் இந்தத் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டிய பக்கம் திருப்புகிறார்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இளைஞர் சாம் ரைமி எடுத்த படங்களில் இத்திருப்பத்தைக் கண்கூடாகக் காணலாம். நண்பர்களுடன் டெனசி மாநிலத்துக் காட்டு வீடொன்றில் குளிரில் வருந்தி அவர் எடுத்த ‘ஈவில் டெட்’ 1981 இல் வெளியாயிற்று. குருதிக்குச் சோளப் பாகும் சாயமும் கலந்தனர்; நாயகனாக நடித்த புரூஸ் காம்பெலின் சட்டை அப்பாகு உலர்ந்து பலகை போல் விறைத்துப்போயிற்றாம். அப்படம் பெரும்பாலும் அச்சமே. அதன் தொடர்ச்சி 1987 இல் வந்தபோது திருகாணி மறுபக்கம் திரும்பியிருந்தது. நாயகனின் வலக்கையைத் தீய ஆவி பற்றிக்கொள்கிறது. அந்தக் கை அவனையே அறைகிறது, அவன் தலையில் பீங்கான்களை உடைக்கிறது. அவன் அதனை அறுத்தெறிந்து வாளியால் மூடி, மேலே பாரமாகப் புத்தகங்களை அடுக்குகிறான். மேலிருக்கும் நூல் ஹெமிங்வேயின் ‘எ பெயர்வெல் ரு ஆம்ஸ்’. போர்க்கருவிக்கும் கைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதை அறிந்தோர்க்கு அது சிலேடை. ஒரு மனிதன் தன் கையைத் தானே அறுப்பது சிரிப்புக்குரியதா என்று கேட்டால், இல்லை என்றே எவரும் சொல்வர். படத்தைப் பார்ப்போர் சிரிக்கின்றனர்.

இரசிகனுடைய இன்பத்தில் மற்றொரு பங்கும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்போர் அதனை அறிவதில்லை. அவன் ஒரே வேளையில் இரண்டு காட்சிகளைப் பார்க்கிறான். ஒன்று கதை, மற்றது அதனைச் செய்த கைத்தொழில். 1979 இல் தொடங்கிய ‘பங்கோரியா’ போன்ற சஞ்சிகைகள் குழாய், பசை, இறப்பர் ஆகியவற்றைக் கொண்டு காயங்கள் செய்யப்படும் விதத்தை வண்ணப் படங்களோடு விளக்கின. அதனைப் படித்து வளர்ந்தவன் அறுபடும் கையைக் கண்டால் முதலில் திடுக்கிடுவான். அடுத்த கணம், உண்மைக் கையை எங்கே ஒளித்தார்கள் என்று ஆராய்வான். செப்படிவித்தைக்காரனை மற்றொரு செப்படிவித்தைக்காரன் பார்க்கும் பார்வை அது.

அக்கலையின் ஆசான்களுள் ஒருவர் டொம் சவீனி. இளமையில் ஒப்பனைக் கலையில் மயங்கிய அவர் படையில் சேர்ந்து வியட்நாம் போர்க்களத்தில் புகைப்படம் பிடிக்கும் பணியில் இருந்தவர். சிதைந்த உடல்களை மெய்யாகவே கண்டவர். கமராவின் கண்ணாடி வழியே நோக்கியபோது, அவற்றையும் ஒப்பனை வேலையென எண்ணியே தாம் தாங்கிக்கொண்டதாக அவர் கூறியிருக்கிறார். ஜோர்ஜ் ரொமேரோ 1978 இல் எடுத்த, பெருங்கடைத் தொகுதியொன்றில் நடைபிணங்கள் உலவும் ‘டோன் ஒவ் த டெட்’ படத்திற்குக் காயங்களைச் செய்தவர் இவரே. அதில் நடைபிணங்களின் முகத்தில் இனிப்புப் பணியாரத்தை எறியும் கோமாளிக் காட்சியும் உண்டு. மெய்யான கொடுமையைக் கண்டவன் போலிக் கொடுமையை வெறுத்தொதுக்குவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. சவீனியின் வாழ்க்கை அதற்கு மாறாக நடந்தது. ஆனால் பாரிசின் கிராண் கிஞோல் அரங்குக்கு நேர்ந்தது வேறு. இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களின் கொடுமைகள் வெளிப்பட்டபின், தம் மேடைக் கற்பனை வலுவிழந்துபோனதென்று அதன் கடைசி நிர்வாகி உரைத்தார். திரைப்படத்தின் போட்டியும் சேர, அரங்கம் 1962 இல் மூடப்பட்டது. ஒருவரைக் காத்த அதே போலி, ஒரு நகரத்தாருக்கு உதவாமற்போயிற்று. இரண்டையும் ஒரே விதியில் அடக்க முயல்வது வீண்.

அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளரும் இத்துறையில் இறங்கியுள்ளனர். டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர், அச்சமூட்டும் வேடிக்கை வீடொன்றுக்கு வந்த 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து 2020 இல் முடிவை வெளியிட்டனர். அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பமில்லை. மிகக் கூடினாலும் இன்பமில்லை. இடைப்பட்ட ஓர் அளவிலேதான் இன்பம் உச்சமடைகிறது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் 310 பேரிடம் வினவிய மற்றோர் ஆய்வு 2021 இல் வெளிவந்தது. அச்சப் பட இரசிகர்கள் அவ்விடர்க் காலத்தில் மன உளைச்சல் குறைவாகவே கொண்டிருந்தனர் என அது கூறிற்று. படம் பார்த்ததனால் உறுதி வந்ததா, உறுதியுடையோரே படம் பார்க்கின்றனரா என்பதை இத்தகைய வினாக்கொத்தால் தீர்மானிக்க இயலாது. எனினும், இரசிகன் ஈரமற்றவன் என்ற பழைய தீர்ப்புக்கு அது துணை நிற்கவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1980 களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் ஒளிநாடா இயந்திரம் வீடுதோறும் புகுந்தது. படமாளிகைக்குச் செல்லும் படத்தைத் தணிக்கைக் குழு பார்த்தது. வீட்டுக்குச் செல்லும் நாடாவைப் பார்க்க எவருமில்லை. கடைகளில் கோரப் படங்கள் குவிந்தன. பத்திரிகைகள் கூக்குரலிட்டன. பிள்ளைகள் கையில் இவை அகப்படுமே என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. அதனை எவரும் பழித்தல் ஆகாது. ஆனால் வழக்குத் தொடுநரின் பட்டியலில் காலப்போக்கில் 72 படங்கள் இடம்பெற்றன. வெறுங் கொடுமையைக் காட்டிய படமும், கொடுமையைக் கேலி செய்த படமும் ஒரே பட்டியலில் கிடந்தன. ‘ஈவில் டெட்’டும் அவற்றுள் ஒன்று. பொலிசார் கடைகளில் புகுந்து நாடாக்களை அள்ளிச் சென்றனர். 1984 ஆம் ஆண்டின் சட்டம், சான்றிதழ் பெறாத நாடாவை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் குற்றமாக்கிற்று. இரசிகர்கள் பலர், தெளிவற்ற பிரதிகளை ஒருவர்க்கொருவர் தபாலில் மாற்றிக்கொண்டனர்.

தணிக்கையாளர் கண்ணிலும் நகைப்பு ஒரு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்குப் ‘பிரெயின்டெட்’ சான்று. முந்நூறு லீற்றர் குருதியோடு 1993 இல் பிரித்தானியத் தணிக்கைக் குழுவிடம் சென்ற அப்படம், வயதுவந்தோர்க்கு மட்டும் என்ற நிபந்தனையோடு ஒரு துண்டும் வெட்டப்படாமல் வெளிவந்தது. ஜேர்மனியிலோ அதே படம் நீதிமன்ற ஆணையால் பறிமுதலாயிற்று. அங்குள்ளோருக்கு அந்த நகைப்பு கேட்கவில்லை போலும். ‘ஈவில் டெட்’ வெட்டின்றிப் பிரித்தானியாவில் வெளியாக 2001 வரை காத்திருக்க நேர்ந்தது. அதே ஆண்டில், தாயாரின் அடுப்பில் முகமூடி வேகவைத்த ஜாக்சனின் ‘லோர்ட் ஒவ் த றிங்ஸ்’ வரிசையின் முதற் படம் உலகெங்கும் திரையிடப்பட்டது. அவ்வரிசையின் மூன்றாம் படம் 2004 இல் பதினொரு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றபோது, பழைய இரசிகர்கள் தங்கள் தேய்ந்த நாடாக்களை எடுத்துப் புல்வெட்டும் இயந்திரக் காட்சியை மீண்டுமொருமுறை ஓடவிட்டிருப்பர்.